மூன்றாம் பக்கத்துத் திருத்தம்

எங்கள் அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கும். தொலைந்துவிடக் கூடாது என்று அதை முனை உடைந்த ஒரு மர ஸ்கேலில் கட்டி வைத்திருந்தேன். போக வேண்டியவர் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை நீட்டுவேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, எட்டு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தைக் கடந்து பின்பக்கம் போய் வர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவதி நான்தான். வெளியே வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரிகளின் கிளீனர்கள் உள்ளே புகுந்து நாறடித்துவிட்டுப் போகிறார்கள் என்று பெண்கள் புகார் சொன்னார்கள். கண்காணிப்பாளராக வந்த முதல் வாரத்திலேயே பூட்டு வாங்கிப் போட்டேன். பிரச்சினையை ஒரே நாளில் தீர்த்துவிட்டதாக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அலுவலகம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் பல்கலைக்கழகம் தண்டையார்பேட்டையில் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கு அது. எங்களுக்கு முன்னால் அங்கே துறைமுகத்திலிருந்து வந்த பருப்பு மூட்டைகளை அடுக்கியிருந்தார்களாம். நாங்கள் மாணவர்கள் எழுதித் திருத்தி முடிந்த விடைத்தாள்களை அடுக்கினோம். மறுமதிப்பீடு கேட்டு யாராவது விண்ணப்பித்தால், மலைபோல் கிடக்கும் கட்டுகளுக்குள் அந்த ஒரு தாளைத் தேடி எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்புமுன் சரிபார்க்க வேண்டும். மதிப்பெண்ணில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பமும் தேதியும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாள் வாசலைத் தாண்டாது. முப்பது வருடம் இந்த ஒரு விதியை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன். ராயபுரத்தில் ஞாயிறு பூசைக்குப் போய் உட்கார்ந்தால்கூடப் பாட்டுப் புத்தகத்தில் பேனாத் திருத்தம் கண்ணில் பட்டால் கை அரிக்கும்.

தாளைத் தேடி எடுப்பவள் எங்கள் ரெக்கார்டு கிளார்க். வியாசர்பாடிக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். தினக்கூலியாக வந்து, பன்னிரண்டு வருடம் காத்திருந்து நிரந்தரம் ஆனவள். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த அலமாரியில் எத்தனையாவது கட்டு என்பது அவளுக்கு மனப்பாடம். கணினிப் பட்டியல் பொய் சொல்லும், அவள் சொல்ல மாட்டாள். எல்லார் முன்னாலும் என்னை மேடம் என்பாள். மத்தியானம் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்ததும் அக்கா ஆகிவிடுவேன். அவளுடைய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் பாதி என் தட்டுக்கு வரும். எனக்கு அந்தக் கிடங்கில் தோழி என்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் சாவி கேட்டு வருவது அதிகமானதை முதலில் கவனித்தவள் நான். கவனிக்காமல் இருக்க முடியாது, சாவி என்னிடம்தானே இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பது நான்காகி, ஏழானது. மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு தபா போனா பத்த மாட்டேங்குதுக்கா. போய்ட்டு வந்து குந்துனா திரும்பவும் போவணும் போலவே கீது. எரியுது வேற. சூடுதான்னு நெனைக்கிறேன்."

மூலமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு வரும், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்றேன். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டு, கருணைக்கிழங்கு சாப்பிடு, கோழியை நிறுத்து என்று பட்டியல் போட்டேன். ரத்தம் போகிறதா என்று கேட்கவில்லை. சாப்பிடும் நேரத்தில் அதையெல்லாம் கேட்பார்களா என்ன. அவளும் சொல்லவில்லை. மறுநாள் கல்மண்டபம் மார்க்கெட்டில் கருணைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்து நானே அவளுக்குக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

அடுத்த மாதம் மறுமதிப்பீட்டு வேலை குவிந்து கிடந்த ஒரு நாள். காலையிலிருந்து அவள் ஐந்தாவது தடவை வந்து நின்றாள். நான் எதையோ கூட்டிக்கொண்டிருந்தேன், கணக்கு விட்டுப்போனது. "கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கோயேன், எனக்காவது வேலை மிச்சமாகும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேலை நீட்டினேன். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சாவி கேட்பது குறைந்துவிட்டது. கருணைக்கிழங்கு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவள் காலையிலும் மத்தியானமும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் போகத் தேவையில்லை அல்லவா. குழம்பு முழுவதும் என் தட்டுக்கு வந்தது. மூன்று மாதத்தில் இளைத்துவிட்டாள். நன்றாக இருக்கிறாய், என்ன ரகசியம் என்று கேட்டேன். அப்படிக் கேட்ட என் வாயைத் தைக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். எங்கள் பல்கலைக்கழகத்து மாணவிதான். பல்கலைக்கழகப் பணியாளர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் பற்றி என்ன விழிப்புணர்வு இருக்கிறது, உடல்நலம் பற்றி என்ன நம்பிக்கைகள் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. மூன்று பக்கப் பாரம். முதல் பக்கம் நோயைப் பற்றி நமக்குத் தெரிந்தது. இரண்டாம் பக்கம் நாம் நம்புவது: எனக்கு இந்த நோய் வரக்கூடும், பரிசோதனை செய்துகொள்ள வெட்கமாக இருக்கிறது என்பது போன்ற வாக்கியங்கள், உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று கட்டங்கள். மூன்றாம் பக்கத்தில் கடந்த ஆறு மாதத்தில் நமக்கு இருந்த தொந்தரவுகள், ஆம் அல்லது இல்லை.

நோயின் பெயரை அவள் வெடுக்கென்று சொன்னதே எங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் அதை 'அது' என்பார்கள். 'அது' குடிகாரர்களுக்கு வரும் என்று உதவியாளர் ஒருவர் உறுதியாக நம்பினார். அவர் குடிப்பவர், அதனால் பயந்தபடியே நம்பினார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வராது என்றார் இன்னொருவர். எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் எண்ணூர்த் தொழிற்சாலைக் காற்றின்மேல் பழியைப் போட்டார்கள். பரிசோதனைக்குப் போனால்தான் அது வருகிறது, போகாதவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார் தட்டச்சர் அம்மா. நான் எம்.ஏ. படித்தவள், இதையெல்லாம் கேட்டு உள்ளுக்குள் சிரித்தேன். என் நம்பிக்கை வேறு: எங்கள் குடும்பத்தில் சர்க்கரைதான், ஆகவே எனக்கு வராது; எனக்கு வராதது என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கும் வராது.

மாணவி பொறுமையாகச் சொன்னாள். பெயர் எழுத வேண்டாம். ஒருவரோடு ஒருவர் பேசாமல், முடிந்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனியாக நிரப்புங்கள். மூன்றாம் பக்கத்தில் யாராவது ஆம் என்று போட்டிருந்தால் கீழே ஒரு கைபேசி எண் மட்டும் எழுதினால் போதும், நானே கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்து வைக்கிறேன், வெளியில் யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லும்போது அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். எங்கள் ரெக்கார்டு கிளார்க் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். மாணவி ஒரு துண்டறிக்கையும் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. என் பிரிவிலிருந்து பன்னிரண்டு தாள் வெளியே போகிறது, அதில் கண்டதையும் எழுதி வைத்தால் தலைமை அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள். நாங்கள் தேர்வுத் துறை ஆட்கள். கேள்வித்தாள் என்று ஒன்று வந்தால் விடைக்குறிப்பு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து துண்டறிக்கையை இரண்டு முறை படித்து ஒரு விடைக்குறிப்பு தயாரித்தேன். ரொம்ப அழகாகத் தயாரித்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், கட்டுப் பிரிக்கும் நீள மேசையைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்தேன். பாரத்தை எடுக்கச் சொன்னேன். ஒன்று ஆம், இரண்டு ஆம், மூன்று இல்லை என்று வாசித்தேன், அவர்கள் குறித்தார்கள். இரண்டாம் பக்கம் வந்தபோது உதவியாளர் தயங்கினார். இது நாம் நினைப்பதைக் கேட்கிறது போலிருக்கிறதே என்றார். நினைப்பதையெல்லாம் எழுதினால் ஆபீஸ் நடக்குமா என்று கேட்டேன். வரும் வாய்ப்பு உண்டா, உடன்படவில்லை. வெட்கமா, உடன்படவில்லை. பயமா, உடன்படவில்லை. பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் தைரியசாலிகள் ஆனோம்.

மூன்றாம் பக்கத்துக்கு நான் விடைக்குறிப்பே எழுதவில்லை. தேவைப்படவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து எந்தச் சுற்றறிக்கை வந்தாலும், உங்கள் பிரிவில் பழுதான மின்விசிறி உண்டா, நிலுவையில் கோப்பு உண்டா என்று எதைக் கேட்டாலும், இல்லை என்று எழுதி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். உண்டு என்று எழுதினால் ஏன், எப்போது, யார் பொறுப்பு என்று பத்துக் கடிதம் வரும். அதனால் எல்லாவற்றுக்கும் இல்லை போடுங்கள் என்றேன்.

நாலைந்து பேர் முந்தின நாளே வீட்டில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். என் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாததை அடித்துவிட்டு மாற்றினார்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசையில் வந்து நின்றார்கள். திருத்திய இடத்தில் அவர்கள் ஒப்பமிட்டிருந்தார்கள், அதற்குக் கீழே நான் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். கை பழகிய வேலை, கண் அதில் இருக்காது. பெயரும் பணியாளர் எண்ணும் எழுதச் செய்தேன். எண்ணினேன், பன்னிரண்டு. நகலெடுத்து அலுவலகப் பிரதியைக் கோப்பில் வைத்தேன். அசல் பாரங்களை நாடாவால் கட்டினேன்.

மாணவி வந்து கட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "பேரு வேணாம்னு சொன்னேனே மேடம்" என்றாள். "பேரில்லாத தாள் எங்க ஆபீஸ்லேர்ந்து வெளியே போகாதும்மா" என்றேன். அவள் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். உங்கள் பிரிவின் பாரங்கள் எல்லாம் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்கின்றன, அவற்றை ஆய்வில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார், ஒதுக்கிவிட்டோம் என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒழுங்காகச் செய்ததற்கு இதுதான் மரியாதையா என்று சாப்பாட்டு நேரம் முழுக்கப் பொருமினேன். ரெக்கார்டு கிளார்க் சாப்பிடாமல் டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் பேப்பர யாரும் பாக்க மாட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

யாரும் பார்க்க மாட்டார்கள், குப்பையில் போட்டாயிற்று, நிம்மதியாக இரு என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து, மேல் தட்டிலிருந்து கட்டு இறக்கும்போது மயங்கி விழுந்தாள். தெருமுனை டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். பெண்களுக்கு ரத்தம் குறைவது ஒரு செய்தியா என்று நாங்களும் விட்டுவிட்டோம். பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். நான் அவளுக்கு எதையாவது வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன். மறுபடி விழுந்தபோதுதான் அவள் கணவர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர். கேமரா வைத்துப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள். எத்தனை நாளாக ரத்தம் போகிறது என்று டாக்டர் கேட்டதற்கு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் வீணாயிற்று. கத்தி பட்டால் பரவிவிடும் என்று கணவரின் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் தட்டச்சர் அம்மாவும் போன் செய்து அதையே சொன்னார். யாரோ கொடுத்த சூரணத்தைத் தின்றாள். கடைசியில் வயிறு அடைத்துக்கொண்டு, அவசரமாக அறுத்து, வயிற்றின் பக்கவாட்டில் துளை போட்டுப் பை மாட்டி அனுப்பினார்கள். கட்டியை எடுக்கவில்லை. எடுத்துப் பயனில்லை என்றார்கள்.

அந்தப் பையோடு அவள் வேலைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் சாவையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்றாள். முதல் நாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பழக்கத்தில் ஸ்கேலை எடுத்து நீட்டினேன்.

"நீங்க அன்னிக்கு சொன்னீங்களேக்கா, கழுத்துல போட்டுக்கோன்னு. இது என்னாண்டயே இருக்கட்டும். பை எப்ப ரொம்பும்னு தெரிய மாட்டேங்குது. சும்மா சும்மா வந்து நிக்க முடியல."

எல்லார் முன்னாலும் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குத்திக்காட்டவில்லை, அவளுக்கு அந்தப் புத்தி கிடையாது. சாவியை ஸ்கேலிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து மற்றப் பெண்கள் அந்தக் கழிப்பறைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஒருத்தி பக்கத்துக் கிடங்கில் கெஞ்சிக் கேட்டுப் போய் வந்தாள். இன்னொருத்தி தண்ணீர் குடிப்பதையே விட்டாள். நான் என்ன செய்தேன்? துண்டறிக்கையை இரண்டு முறை படித்து, இது தொற்றுநோய் அல்ல, சரி என்று விடைக்குறிப்பு எழுதியவள், காலை ஒன்பதரை மணி முதல் அடக்கிக்கொண்டு, சாயங்காலம் கல்மண்டபத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடினேன். தெரிந்து வைத்திருப்பது எனக்கு அந்த அளவுக்குத்தான் பயன்பட்டது. குழம்பு என் தட்டுக்கு வருவதும் நின்றிருந்தது. அவள் கொண்டுவரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் கேட்கவில்லை.

ஏழு வாரம் வந்தாள். பிறகு வர முடியவில்லை. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கண் மஞ்சள் பூத்தது. ஒரு சனிக்கிழமை வியாசர்பாடிக்குப் போனேன். ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. கணவர் கீழே குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலில் சுவரை ஒட்டிப் படுத்திருந்தாள். உடம்பு என்று சொல்ல மிச்சம் ஒன்றும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் ஆபீஸ் கதைகளைச் சொன்னேன். நீ இல்லாமல் ஒரு தாளும் கிடைப்பதில்லை, சீக்கிரம் வா என்றேன். வர மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"நான் வந்தப்ப நீங்கல்லாம் அடக்கிகினுதான குந்தினிருந்தீங்க. தெரியும்க்கா. அதான் வேலைக்கு வராம நின்னுட்டேன்."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று மறுக்கத்தான் வாய் வந்தது, அதற்குள் கணவர் குடத்தோடு உள்ளே வந்துவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். மூலக்கொத்தளத்தில் புதைத்தோம். கிடங்கிலிருந்து பதினோரு பேரும் போயிருந்தோம். கும்பலில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். ஒரு கெட்ட பழக்கம் இல்லாதவளுக்கு எப்படி வந்தது. கத்தி வைத்ததால்தான் போய்விட்டாள் என்று தட்டச்சர் அம்மா முடிவு சொன்னார். நான் திருத்தவில்லை.

மூன்று மாதம் கழித்துக் குடும்ப ஓய்வூதிய வேலையாக அவள் கணவர் கிடங்குக்கு வந்தார். வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்க வேண்டும், சட்டையில் கிரீஸ் இருந்தது. உட்காருவதற்கு முன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் கைப்பையில் இருந்தது, ஆபீஸ் சாவி மாதிரித் தெரிந்தது என்றார். நாங்கள் அதற்குள் வேறு பூட்டு போட்டிருந்தோம். அதைச் சொல்லவில்லை. வாங்கி இழுப்பறையில் போட்டேன்.

அவளுடைய வாரிசு நியமனப் படிவத்தின் நகல் ஒன்று வேண்டியிருந்தது. பணிப்பதிவேட்டில் இல்லை. இதரம் என்று எழுதிய கோப்பில் தவறிப்போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அதை எடுத்துப் புரட்டினேன். அவர் எதிரில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக் கடிதங்கள், சுற்றறிக்கைகள், அதற்கடுத்து அந்தப் பன்னிரண்டு பாரங்களின் நகல்கள். ஏழாவது பாரத்தில் அவள் பெயர். படிவத்தைத்தான் தேடினேன், இருந்தாலும் கை மூன்றாம் பக்கத்தைத் திருப்பியது.

கடந்த ஆறு மாதத்தில் மலத்தில் ரத்தம் போனது உண்டா. ஆம் என்ற கட்டத்தில் ஒரு குறி. அதன்மேல் குறுக்கே இரண்டு கோடு. பக்கத்தில் இல்லை என்ற கட்டத்தில் புதுக் குறி. மலம் கழித்த பின்னும் வயிறு காலியாகாத உணர்வு உண்டா. ஆம், அடித்து, இல்லை. காரணமில்லாமல் எடை குறைந்ததா. ஆம், அடித்து, இல்லை. பக்கத்தின் அடியில் ஒரு கைபேசி எண் எழுதி, அதையும் அடித்திருந்தாள். நான்கு இடத்திலும் அவள் ஒப்பம். நான்கு ஒப்பத்துக்கும் கீழே என் சுருக்கொப்பம், தேதியோடு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

அவள் கணவரிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை, தட்டில் குழம்பைப் பங்கு போட்ட என்னிடமும் வாயால் சொல்லவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து இந்தத் தாளிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் நான் வாசித்ததைக் கேட்டு அதை அடித்தாள். அடித்ததை என்னிடமே கொண்டுவந்து நீட்டினாள். ஒரு கணம் கண்ணால் பார்த்திருந்தால் போதும். யாரும் பாக்க மாட்டாங்களாக்கா என்று அவள் பிறகு கேட்டது பயத்தில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒரு வருசத்துக்கு மின்னாடியே ரத்தம் போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல. இங்க ஆபீஸ்ல யாராண்டயாவது சொல்லிகீறாளா?"

பாரம் என் கைக்கு அடியில் இருந்தது. அதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்த அரை அடி தூரம்கூட இல்லை.

"இல்லை" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "அதான் மேடம். அவ யாராண்டயும் சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டு, நான் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.